பிறந்ததும் அழாத குழந்தை

என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் மூன்று நாள் சோதனைக்கூடத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தான். ஊசலின் அலைவுகளை எண்ணச் சொன்னால் பத்துக்குள்ளேயே எண்ணிக்கையைத் தவறவிட்டான். மறுபடி தொடங்கினான், மறுபடி தவறவிட்டான். "என்னப்பா விஷயம்?" என்று கேட்டேன்.

அவனுடைய அக்காளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. ஆனால் பிறந்தவுடன் அழவில்லை, மூச்சும் விடவில்லை. முகமூடியை வைத்து, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்திப் பல நிமிடம் போராடிய பிறகே குழந்தையின் மார்பு தானாக ஏறி இறங்கத் தொடங்கியதாம். அன்று இரவே வலிப்பும் வந்துவிட்டது.

"பிழைப்பானா, பிழைத்தால் நடப்பானா, பேசுவானா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் சார். டாக்டரோ, இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, நாலைந்து நாள் போகட்டும் என்கிறார். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மறைக்கிறாரா?"

நான் மருத்துவன் அல்லன். "எனக்குத் தெரியாதே தம்பி" என்றுதான் அன்று சொல்ல முடிந்தது. ஆனால் அவன் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த விஷயத்தில் பாதி இயற்பியல் என்பது புரிந்தது. மீதிப் பாதியில் கொஞ்சம் கணக்கு. நீங்களும் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

மூளைக்கு மின்தடை

வளர்ந்த மனிதனின் மூளை உடல் எடையில் 50-ல் 1 பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் 5-ல் 1 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது! எதற்கு இவ்வளவு? ஒவ்வொரு நரம்புச் செல்லின் சுவரிலும் நுண்ணிய பம்புகள் உள்ளன. சோடியத்தை வெளியே தள்ளுவதும் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதும் அவற்றின் வேலை. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் போல இந்தப் பம்புகளுக்கு ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் ஆற்றல் தருகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜனுடன் சேர்த்து முழுமையாக எரித்தால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் இரண்டே இரண்டுதான். மிச்சம் லாக்டிக் அமிலமாகத் தேங்கிவிடும். 400 மீட்டர் ஓடி முடித்ததும் உங்கள் கால் தசைகளிலும் இதேதான் சேர்கிறது.

கருவில் இருக்கும் குழந்தை தன் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதற்கு ஆக்சிஜன் நஞ்சிலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. பிரசவ நேரத்தில் கொடி நசுங்கினாலோ, நஞ்சு முன்கூட்டியே கழன்றுவிட்டாலோ, கருப்பை கிழிந்தாலோ, பிரசவம் வெகுநேரம் தடைப்பட்டு நின்றாலோ அந்த வரத்து குறைந்துவிடும். பம்புகள் நின்றுபோகும். சோடியமும் அதன் பின்னே நீரும் செல்லுக்குள் புகுந்து, செல் வீங்கும். சில செல்கள் அப்போதே இறந்துவிடும்.

டாக்டர்கள் காற்றூட்டி இதயம் நன்றாகத் துடிக்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் திரும்ப வருகிறது. ஏ.டி.பி. மீண்டும் உற்பத்தியாகிறது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனபோது ஒன்றும் ஆகாத ஃபிரிட்ஜ், கரண்ட் திரும்பி வந்த பிறகு பழுதாவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையிலும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 6 மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். பிறகு இரண்டாவது வீழ்ச்சி தொடங்கி மூன்று நாள் வரை நீடிக்கும். உயிரோடிருந்த செல்களில் பல அந்த நாட்களில்தான் இறக்கின்றன.

இது எப்படித் தெரியவந்தது? அதற்கு முன் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பத்துக்கு எத்தனை?

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து நிபுணராக இருந்தவர் வர்ஜீனியா ஆப்கர். (வயலின் குடும்ப வாத்தியங்களைத் தாமே மரம் செதுக்கிச் செய்யும் பித்தும் அவருக்கு உண்டு. மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டின் பலகை வாத்தியத்துக்கு ஏற்ற மரம் என்று கண்டு, தோழியுடன் சேர்ந்து அதை மெல்லக் கழற்றிக்கொண்டு போனார் என்று ஒரு கதை உலவுகிறது!) அந்தக் காலத்தில் பிரசவ அறையில் எல்லாருடைய கவனமும் தாயின் மேல்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு பொது அளவுகோல் கிடையாது. 1952-இல் அவர் ஓர் எளிய முறையை முன்வைத்தார்; அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, தூண்டினால் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 10. கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் காதும் கையும் போதும். இன்று பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் இந்த மதிப்பெண் போடப்படுகிறது.

நம் மாணவனின் மருமகனுக்கு ஐந்தாம் நிமிடத்தில் 3 மதிப்பெண். 10-க்கு 3 என்றால் தோல்விதானே என்று நீங்கள் முடிவுகட்டலாம். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஆனால் அமெரிக்காவில் சுமார் 49,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1981-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. நெல்சன், எலன்பெர்க் என்ற இருவர் செய்த ஆய்வு அது. பிற்காலத்தில் பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளில் 73 சதவீதத்தினர் ஐந்தாம் நிமிடத்தில் 7 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள்! மறுபுறம், 10 நிமிடம் கடந்தும் 0 முதல் 3 வரையே வாங்கி, அப்படியும் உயிர் பிழைத்த 99 குழந்தைகளில் 12 பேருக்குத்தான் பெருமூளை வாதம் வந்தது. இதைப் படித்தபோது நான் இரண்டு முறை எண்களைச் சரிபார்த்தேன்.

ஆப்கரைக் குறை சொல்லலாமா? கூடாது. இந்தக் குழந்தைக்கு இப்போது, இந்த நிமிடத்தில் உதவி தேவையா என்பதற்குப் பதில் சொல்லவே அவர் அந்த அளவுகோலைச் செய்தார். பத்து ஆண்டு கழித்துப் பள்ளியில் எப்படிப் படிப்பான் என்று சொல்ல அல்ல. மீட்டர் அளவுகோலால் எடையைப் பார்த்துவிட்டு அளவுகோல் பொய் சொல்கிறது என்பது போன்றதுதான் இது.

காந்தத்துக்குள் ஒரு தொட்டில்

ஆப்கர் தம் முறையை முன்வைத்த அதே 1952-இல் இயற்பியல் நோபல் பரிசு பெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் என்ற இருவருக்குக் கிடைத்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்ததற்காக. அன்று இந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பம்பரம் சுற்றும்போது கொஞ்சம் சாய்ந்தால் அதன் தலை வட்டமாகத் தள்ளாடுமே, அது போல ஹைட்ரஜனின் அணுக்கரு காந்தப் புலத்தில் தள்ளாடிச் சுழலும். 1 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 4 கோடியே 26 லட்சம் தடவை. பாஸ்பரஸ் அணுக்கருவோ அதே புலத்தில் 1 கோடியே 72 லட்சம் தடவை. சரியாக அந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் அணுக்கருக்கள் அதை ஏற்றுக்கொண்டு, பிறகு திருப்பி ஒலிபரப்பும். ரேடியோவில் நிலையத்தைத் திருகிப் பிடிப்பது போலத்தான்.

சுவையான விஷயம் இனிமேல்தான். ஒரே பாஸ்பரஸ் அணு எந்த மூலக்கூறில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் அதிர்வெண் மிக மிகச் சிறிதளவு மாறும். ஏ.டி.பி.யில் இருந்தால் ஒன்று, பாஸ்போகிரியாட்டினில் இருந்தால் இன்னொன்று, தனிப் பாஸ்பேட்டாக இருந்தால் வேறொன்று. ஆகவே மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், மூளையின் ஆற்றல் கையிருப்பை வெளியிலிருந்தே படிக்கலாம்! ஏ.டி.பி. கைச்செலவுப் பணம் என்றால் பாஸ்போகிரியாட்டின் சேமிப்புக் கணக்கு. நெருக்கடி வந்தால் முதலில் சேமிப்பு கரைந்து தனிப் பாஸ்பேட் ஏறும்.

1980-களின் தொடக்கத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் இருந்த இயற்பியலாளர்களும், மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளைக் காந்தத்துக்குள் கிடத்தி இந்த நிறமாலையை எடுத்தார்கள். முதல் நாள் எடுத்த படத்தில் ஒரு குறையும் இல்லை. சேமிப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எடுத்தபோது பாஸ்போகிரியாட்டின் சிகரம் தாழ்ந்துகொண்டே போனது. எவ்வளவு ஆழமாகத் தாழ்ந்ததோ, அவ்வளவுக்குக் குழந்தையின் பின்னாளைய நிலையும் மோசமாக இருந்தது. நான் முன்னே சொன்ன இரண்டாவது வீழ்ச்சி இப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

என் மாணவனின் கேள்விக்கு இங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. டாக்டர் மறைக்கவில்லை. அவர் சொல்ல வேண்டிய விஷயம் முதல் நாளில் இன்னும் நடந்தே முடியவில்லை.

நடந்து முடியாதது என்றால் தடுக்கவும் இடம் உண்டு என்று பொருள். வேதிவினைகள் வெப்பநிலை குறைந்தால் மந்தமாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறந்த 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மெதுவாகச் சூடேற்றும் சிகிச்சை இப்படிப் பிறந்தது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குளிர்விக்காத குழந்தைகளில் 62 சதவீதத்தினர் இறந்தனர் அல்லது கடும் அல்லது நடுத்தரக் குறைபாட்டுடன் வளர்ந்தனர். குளிர்வித்தவர்களில் அது 44 சதவீதம். முழு வெற்றி அல்ல. ஆனால் அதுவரை செய்ய ஒன்றுமே இல்லாதிருந்த நோய் இது.

மூன்று படிகள், ஒரு காகிதச் சுருள்

காந்தம் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்கும் முன்பே, 1976-இல், ஹார்வி சார்னட், மார்கரெட் சார்னட் ஆகிய இருவர் குழந்தையைக் கூர்ந்து கவனித்தே மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் குழந்தை மிகையாக விழித்திருக்கும், சிறு சத்தத்துக்கும் துள்ளும். இரண்டாம் படியில் சோர்ந்து துவண்டு கிடக்கும், வலிப்பு வரும். மூன்றாம் படியில் அசைவே அற்று உணர்விழந்திருக்கும். முதல் படிக் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகத் தேறுகிறார்கள். மூன்றாம் படியில் பெரும்பாலும் இறப்பு அல்லது கடும் பாதிப்பு. இந்த இரண்டிலும் முன்கூட்டிச் சொல்வது ஓரளவு எளிது. கஷ்டமெல்லாம் நடுப்படியில்தான், நம் மாணவனின் மருமகன் இருந்ததும் அங்கேதான். இரண்டாம் படியில் இருந்தாலும் ஐந்து நாளுக்குள் அதிலிருந்து மீண்ட குழந்தைகள் பின்னர் இயல்பாக இருந்ததாகச் சார்னட் தம்பதியினர் எழுதினர். "நாலைந்து நாள் போகட்டும்" என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா?

மூளையின் மின்சாரத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. தலையின் மேல் கிடைக்கும் மின்னழுத்தம் 10 மைக்ரோவோல்ட் என்றால், அது உங்கள் டார்ச் செல்லின் மின்னழுத்தத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பெருக்கி, சுருக்கி, மணிக்கு 6 சென்டிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் நகரும் காகிதத்தில் வரையும் கருவியை லண்டனில் 1960-களின் இறுதியில் செய்தார்கள். இன்று காகிதத்துக்குப் பதில் திரை. பட்டையாக ஓடும் அந்தக் கோட்டின் கீழ் விளிம்பு 5 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. தட்டையாகிவிட்டால் கவலை. அதிலும் எப்போது மீள்கிறது என்பதுதான் முக்கியம்: குளிர்விக்காத குழந்தைக்கு 24 மணி நேரத்திலும் குளிர்வித்த குழந்தைக்கு 48 மணி நேரத்திலும் கோடு இயல்புக்கு வந்துவிட்டால் நம்பிக்கை கூடுகிறது. சிகிச்சையே கடிகாரத்தை மாற்றிவிட்டதைக் கவனியுங்கள்.

இப்போது மீண்டும் காந்தம். பாஸ்பரஸை விட ஹைட்ரஜனைக் கேட்பது எளிது என்பதால் இன்று சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியிலேயே இரண்டு பொருள்களைத் தேடுகிறார்கள். ஒன்று நம் பழைய நண்பர் லாக்டேட். மற்றொன்று என்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. நரம்புச் செல்களுக்குள்தான் அது மிகுதி, செல் இறந்தால் குறையும். 1.5 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜனின் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம். இந்த இரண்டு பொருள்களின் சைகைகளுக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 44! ஆறு கோடியில் நாற்பத்து நான்கைப் பிரித்துக் கேட்பதில்தான் ஒரு குழந்தையின் எதிர்காலம் பற்றிய துப்பு இருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 8 மருத்துவமனைகளில் குளிர்விக்கப்பட்ட 223 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவின்படி, மூளையின் நடுவே உள்ள தலாமஸில் என்.ஏ.ஏ. எவ்வளவு இருக்கிறது என்பதே இரண்டு வயதில் குழந்தையின் நிலையை மற்ற அளவைகளை விடத் துல்லியமாக முன்னறிவித்தது. அந்தப் படங்கள் எடுக்கப்பட்டது முதல் நாளில் அல்ல; நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்.

கொஞ்சம் கணக்கு

ஒரு சோதனை "90 சதவீதம் சரி" என்றால், அது ஆபத்து என்று சொன்ன குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு உண்மையில் ஆபத்து என்றுதானே நினைக்கிறீர்கள்? என் முதுகலை மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பென்சிலை எடுங்கள்.

கற்பனையாக 100 குழந்தைகள். அவர்களில் 30 பேருக்குப் பின்னர் கடும் பாதிப்பு வரப்போகிறது, 70 பேர் தேறிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை பாதிப்புள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும்: 27 பேர். நலமானவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். மீதி 14 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக ஆபத்து என்று முத்திரை விழுந்தவர்கள் 41. அவர்களில் உண்மை 27; அதாவது மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே.

இப்போது அதே சோதனையை, 10 பேருக்கு மட்டுமே பாதிப்பு வரக்கூடிய லேசான 100 குழந்தைகளிடம் செய்யுங்கள். பிடிபடும் உண்மைகள் 9. தவறாகப் பிடிபடுவோர் 90-இல் 18 பேர். 27 முத்திரைகளில் 9 தான் உண்மை. கருவி மாறவில்லை, டாக்டர் மாறவில்லை. முத்திரையின் மதிப்பு மட்டும் மூன்றில் ஒன்றாக இறங்கிவிட்டது! அதனால்தான் ஒரே சோதனையை நம்பி யாரும் பேசுவதில்லை. படி, மின்கோடு, எம்.ஆர்.ஐ. எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. சில நாடுகளில், தேறும் வாய்ப்பே இல்லை என்று முடிவானால் பெற்றோருடன் பேசிச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவார்கள். குழந்தை இறந்துவிடும். ஏட்டில் அது "முன்னறிவிப்பு சரி" என்று பதிவாகும். அந்தக் குழந்தை நம் கணக்கின் 14 பேரில் ஒன்றாக இருந்திருந்தால்? யாருக்கும் எப்போதும் தெரியவராது. சோதனையின் பிழையே சோதனைக்குச் சான்றாகிவிடும். சோதனைக்கூடத்தில் எதிர்பார்த்த விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தி எழுதும் மாணவனை நான் கண்டிப்பேன். இங்கே யாரும் வேண்டுமென்று திருத்தவில்லை, இருந்தும் விளைவு அதேதான். இத்துறையினர் தங்கள் ஆய்வுகளில் இதைத் தனியே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஓர் ஊரில் அளவு திருத்திய கருவியை வேறு ஊருக்கு அப்படியே கொண்டுபோகலாமா? இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில், சென்னையும் அவற்றில் உண்டு, 408 குழந்தைகளிடம் குளிர்விப்புச் சிகிச்சை சோதிக்கப்பட்டு 2021-இல் முடிவு வெளியானது. மேல்நாடுகளில் கண்ட பலன் இங்கே கிடைக்கவில்லை. குளிர்வித்தவர்களில் 42 சதவீதத்தினர் இறந்தனர்; குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு! ஒரே பெயர் கொண்ட நோயானாலும் பாதிப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது இடத்துக்கு இடம் வேறுபடலாம். லண்டன் குழந்தைகளின் தேறும் விகிதத்தை வைத்து இங்குள்ள தாயிடம் நம்பிக்கை சொல்வதோ கைவிரிப்பதோ சரியாகாது என்பது இதிலிருந்து எனக்குப் பட்டது.

காந்தமும் மின்கோடும் இல்லாத ஒரு முறையும் உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்பவர், படுத்திருக்கும் குழந்தையின் இயல்பான அசைவுகளை வீடியோ எடுத்துப் பார்த்தே நரம்பு மண்டலத்தை மதிப்பிடும் கலையை வளர்த்தார். மூன்று முதல் ஐந்து மாதத்தில் நலமான குழந்தையின் கழுத்திலும் உடம்பிலும் கைகால்களிலும் சிறுசிறு நெளிவசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அவை அறவே இல்லையென்றால் பெருமூளை வாதத்தின் வலுவான அறிகுறி. இருந்தால் பெரும் ஆறுதல்.

என் மாணவன் மருமகனை மூன்றாம் மாதத்தில் கைப்பேசியில் படம் எடுத்து எனக்குக் காட்டினான். எனக்கு எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். பார்த்த டாக்டர், அசைவுகள் இருக்கின்றன, கொஞ்சம் குறைவு என்றாராம். ஆறாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் அப்படித்தான், முழுக்க நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. அன்று முதல் வாரம் இரண்டு முறை இயன்முறைப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மாணவன் இப்போது மூன்றாம் ஆண்டு. ஊசலை ஒழுங்காக எண்ணுகிறான். குழந்தைக்கு 17 மாதம். "மாமா" என்கிறானாம். இன்னும் தனியாக நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைக்கிறான். 18 மாதம் வரை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.